அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு ஒரு நாள் நேரோபோட் ஓட்டலாமா?

கேள்வி இது: "ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். ஜூலையில் ஒரு நாள் நேரோபோட் வாடகைக்கு எடுத்துக் கால்வாயில் போகலாம் என்று ஆசை. நாங்கள் யாரும் படகு ஓட்டியதே இல்லை. லைசென்ஸ் வேண்டுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி, பையனுக்குப் பத்து வயது. எங்கே போகலாம், ஒரு நாளில் எவ்வளவு தூரம் போக முடியும்?"

தாராளமாகப் போகலாம். நேரோபோட் என்பது இங்கே பிரிட்டனின் ஒடுக்கமான கால்வாய்களில் போகிற, நீளமான, ஒடிசலான எஞ்சின் படகு. லைசென்ஸ் வேண்டாம். படகுக்கான உரிமத்தை வாடகைக்கு விடுபவர்கள் வைத்திருப்பார்கள். ஓட்டுகிறவருக்குத் தனியாக எதுவும் தேவையில்லை. காலையில் போனதும் அவர்களே படகில் ஏறி, எஞ்சின், படகைத் திருப்பும் டில்லர் கம்பி, கயிறு, டாய்லெட் எல்லாம் காட்டி, கொஞ்ச தூரம் கூடவே வந்து சொல்லிக்கொடுத்துவிட்டு இறங்கிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருக்காதீர்கள். டில்லரைப் பிடிக்கப்போகிற இரண்டு பேராவது பக்கத்தில் நின்று கேளுங்கள்.

எங்கே என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான்: இங்கிலாந்து, வேல்ஸ் எல்லையைக் கடந்து போகும் லாங்கோலென் கால்வாய். அதிலும் சர்க் பேங்க் என்ற இடத்திலிருந்து ட்ரெவர் வரைக்கும், திரும்பி அதே வழியில். போக ஐந்து மைல், வர ஐந்து மைல். ஒரு நாள் முழுக்க வெறும் பத்து மைலா என்று தோன்றும். காரில் போனால் அரை மணிகூட ஆகாது. ஆனால் இந்தக் கால்வாய்களில் வேக வரம்பே மணிக்கு நாலு மைல்தான். நடைமுறையில் மூன்று மைல் போனாலே நல்ல வேகம். கால்வாய்க்காரர்கள் கணக்குப் போடும் முறை எளிது: போகிற மைலையும் வழியில் உள்ள லாக்குகளையும் (படகை ஏற்றி இறக்கும் தொட்டிகள், பிறகு சொல்கிறேன்) கூட்டி மூன்றால் வகுத்தால் எத்தனை மணி நேரம் என்று வந்துவிடும். பத்து மைல், லாக் ஒன்றும் இல்லை, ஆக மூன்றரை மணி. அதோடு சாப்பாடு, காத்திருப்பு, எதிர்நீரோட்டம் எல்லாம் சேர்ந்தால் காலை ஒன்பதரைக்குக் கிளம்பி மாலை ஐந்துக்குத் திரும்பச் சரியாக இருக்கும். இதற்கு மேல் ஒரு மைலும் ஆசைப்படாதீர்கள். ஒரு நாள் படகு எடுத்தவர்களில் சந்தோஷமில்லாமல் திரும்பி வருகிறவர்கள் பெரும்பாலும் தூரத்துக்கு ஆசைப்பட்டவர்கள்தான். மதியம் மூன்று மணிக்குக் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தால் அந்த நாள் போச்சு.

நான் இங்கே வந்து பதினாறு வருஷம் ஆகிறது. பிறந்து வளர்ந்தது மயிலாடுதுறைப் பக்கம், வாய்க்கால் கரையிலேயே. அதனால்தானோ என்னவோ இந்தக் கால்வாய்கள் மேல் ஒரு தனிப் பிரியம். கோடையில் சில சனிக்கிழமைகள் லாக்கில் தன்னார்வலராக நிற்கிறேன். முதல் முறை ஓட்ட வருகிற எத்தனையோ குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் இதைச் சொல்கிறேன்.

ஏன் லாங்கோலென்? முதல் காரணம் உங்கள் அம்மாவின் முழங்கால். நான் சொல்லும் பாதையில் லாக் கிடையாது. லாக் என்றால் தண்ணீரில் படி மாதிரி. மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் நடுவே இரண்டு பக்கமும் கதவு போட்ட தொட்டி. படகை உள்ளே விட்டு, மதகைத் திறந்து தண்ணீரை நிரப்பினால் படகு உயரும், வடித்தால் இறங்கும். திறப்பது, மூடுவது எல்லாம் நாமேதான். கரையில் குதித்து இறங்கி, விண்ட்லஸ் என்ற கைப்பிடியால் மதகைச் சுற்றி, கதவின் நீண்ட கட்டையை முதுகால் தள்ள வேண்டும். உடம்பில் தெம்பிருப்பவர்களுக்கு அது பெரிய சந்தோஷம். ஆனால் முதல் நாளே, வயதானவர்களோடு, அது வேண்டாம். லாக்கில் ஒரு உண்மையான ஆபத்தும் உண்டு. மேல் கதவுக்கு அடியில் தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சில் என்கிற திண்டு. இறங்கும்போது படகின் பின்பக்கம் அதன்மேல் உட்கார்ந்துவிட்டால், தண்ணீர் வடிய வடிய முன்பக்கம் மட்டும் கீழே போய்ப் படகு மூழ்கிவிடும். சுவரில் வெள்ளைக் கோடு போட்டு அந்த இடத்தைக் காட்டியிருப்பார்கள். என்றைக்காவது லாக் உள்ள கால்வாயில் போனால் இந்த ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்.

இரண்டாவது காரணம் பாண்ட்கெசில்ட்டே என்ற உயரமான பாலம், அதன்மேல் படகிலேயே போகலாம். அதைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும், வருகிறேன்.

முதலில் படகைப் பற்றி. நேரோபோட் என்ற பெயருக்கு ஏற்ற ஒடிசல். அகலம் ஆறடி பத்து அங்குலம், அவ்வளவுதான். எழுபதடி நீளப் படகுக்கும் அதே அகலம்தான். 1760களில் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர் ட்ரென்ட் அண்ட் மெர்சி கால்வாய் வெட்டும்போது லாக்குகளை ஏழடி அகலத்தில் வைத்தார். சுரங்கம் குடைகிற செலவும் குறைவு, லாக்கை நிரப்பும் தண்ணீரும் மிச்சம். இவ்வளவு ஒடுங்கிய லாக்குக்கே ஒரு தடவைக்கு லட்சம் லிட்டருக்கு மேல் வேண்டும். அவர் வைத்த அந்த ஏழடிக்கு இன்றைக்கும் எல்லோரும் அடங்கித்தான் படகு கட்டுகிறார்கள். நாள் வாடகைப் படகுகள் நீளம் குறைந்தவை, பெரும்பாலும் முப்பது நாற்பது அடி. பத்துப் பன்னிரண்டு பேர் உட்காரலாம். உள்ளே மேஜை, கெட்டில் வைக்க ஒரு அடுப்பு, டாய்லெட் இருக்கும். பதிவு செய்யும்போதே படகில் இறங்க எத்தனை படி என்று கேட்டுவிடுங்கள். முழங்கால் வலிக்காரர்களுக்குப் பின்பக்கத்தைவிட முன்பக்கத்து வழி சுலபமாக இருக்கலாம். கரையில் கட்டியிருக்கும்போது நிதானமாக ஏற்றி உட்காரவைத்துவிட்டால் பிறகு கவலையில்லை. நம் மீனவர்கள் அணியம் என்று சொல்கிறார்களே, அந்த முன்மூக்கில்தான் அம்மாவுக்கு இடம். எஞ்சின் சத்தம் முழுக்கப் பின்னால் போய்விடும். தண்ணீரை அணியம் கிழிக்கிற சத்தமும் பறவைச் சத்தமும் மட்டும்தான் கேட்கும்.

இனி ஓட்டுவது. ஸ்டியரிங் கிடையாது. பின்னால் நின்றுகொண்டு டில்லர் என்ற கம்பியைப் பிடித்து ஓட்ட வேண்டும். நீங்கள் டில்லரை இடது பக்கம் தள்ளினால் படகு வலது பக்கம் திரும்பும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். யாரும் சொல்லாத விஷயம் வேறு. தள்ளியதும் ஒன்றும் நடக்காது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிற வரைக்கும் முப்பதடிக்கு முன்னால் இருக்கும் அணியம் அசையவே அசையாது. புதிதாக ஓட்டுபவர், சரி போதவில்லை போல என்று இன்னும் தள்ளுவார். அப்போதுதான் முதலில் தள்ளியதற்கான பலன் வரும். அணியம் வேகமாகத் திரும்பிக் கரையைப் பார்த்துப் போகும். பதறி எதிர்ப்பக்கம் முழுக்கத் தள்ளுவார். இப்படியே பாம்பு மாதிரி இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்க்கொண்டிருப்பார். மருந்து எளிது: கொஞ்சமாகத் தள்ளுங்கள், காத்திருங்கள். அணியம் திரும்ப ஆரம்பித்த அந்த நொடியிலேயே டில்லரை நடுவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அரை மணியில் கை பழகிவிடும். இன்னொன்று, படகு கார் போல முன்சக்கரத்தில் திரும்புவதில்லை. நடுவில் ஆணி அடித்த மாதிரி சுழலும். அணியம் வலது பக்கம் போனால் உங்கள் காலடியில் இருக்கும் பின்பக்கம் இடது பக்கம் வீசும். பாலத்துக்குள் நுழையும்போது பின்பக்கம் சுவரில் உரசுவது எல்லாம் இதை மறப்பதால்தான்.

பிரேக் கிடையாது. ரிவர்ஸ் போட்டால்தான் நிற்கும், அதுவும் மெதுவாக. ரிவர்ஸில் டில்லர் சொன்னபடி கேட்காது. எதிரில் படகு வந்தால் வலது பக்கம் ஒதுங்க வேண்டும். இங்கே சாலையில் இடது பக்கம் ஓட்டிப் பழகிய கைக்கு இது முதலில் தடுமாறும். கரையோரம் கட்டியிருக்கும் படகுகளைத் தாண்டும்போது எஞ்சினை மிகவும் தணித்துவிடுங்கள். வேகமாகப் போனால் நம் படகு இழுக்கும் தண்ணீரில் அவை முன்னும் பின்னும் இழுபட்டு, கரையில் அடித்த முளையே பிடுங்கிக்கொள்ளும். உள்ளே யாரோ அடுப்பில் பால் வைத்திருப்பார்கள். பல பேருக்கு அதுதான் வீடு.

கரை தட்டுவது பற்றி என் கதை ஒன்று. நான் முதல் தடவை ஓட்டியபோது ஒரு வளைவில் உள்பக்கமாகக் குறுக்கே வெட்டினேன். கால்வாய் நடுவில்தான் ஆழம், ஓரத்தில், அதுவும் வளைவின் உள்பக்கத்தில், வண்டல் சேர்ந்து மேடாக இருக்கும். மெத்தையில் உட்கார்ந்த மாதிரி படகு நின்றுவிட்டது. நான் எஞ்சினை முறுக்கினேன். பின்னால் தண்ணீர் கறுப்புக் குழம்பாகக் கொதித்ததே தவிர, படகு இன்னும் ஏறி உட்கார்ந்துகொண்டது. எதிரே வந்த படகில் ஒரு வயதான அம்மா. அவர் எஞ்சினைத் தணித்துவிட்டு, "முன்னால் போகாதே, வந்த வழியே ரிவர்ஸில் வா. எல்லோரையும் ஆழமான பக்கம் நிற்கச் சொல்" என்றார். ஐந்து பேரும் ஒரு பக்கம் போனோம். படகு லேசாகச் சாய்ந்தது, அடிப்பாகம் வண்டலிலிருந்து பிய்த்துக்கொண்டது, கூரையில் கிடந்த நீளக் கழியால் ஒரு தள்ளு. வந்துவிட்டோம். நீங்களும் ஒரு முறையாவது கரை தட்டுவீர்கள். பயப்படாதீர்கள், இதைச் செய்யுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று எஞ்சின் முனகி, படகு வேகம் குறைந்தால் புரொப்பெல்லரில் ஏதோ சுற்றியிருக்கிறது என்று அர்த்தம். பிளாஸ்டிக் பை, கயிறு, துணி. உடனே கரையில் கட்டிவிட்டு, படகை வாடகைக்கு விட்டவர்களைக் கூப்பிடுங்கள். பின்தளத்துக்கு அடியில் வீட் ஹேட்ச் என்று ஒரு மூடி இருக்கும், அதைத் திறந்து கையை விட்டு எடுக்கலாம். எடுப்பதானால் முதலில் எஞ்சினை அணைத்து, சாவியை உருவிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். மூடியைத் திரும்ப இறுக்க மறந்தால் படகுக்குள் தண்ணீர் வந்துவிடும். அதனால்தான் முதல் நாளில் அவர்களையே கூப்பிடச் சொல்கிறேன்.

பையனைப் பற்றி. லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போட்டுவிடுங்கள், படகில் இருக்கிற வரைக்கும் கழற்றக் கூடாது. கால்வாய் பெரும்பாலான இடங்களில் நாலடி ஆழம்தான். விழுந்தால் மூழ்குவதைவிடப் பெரிய ஆபத்து புரொப்பெல்லர். யாராவது தண்ணீரில் விழுந்தால் டில்லரில் நிற்பவர் முதலில் செய்ய வேண்டியது எஞ்சினை அணைப்பது. படகுக்கும் சுவருக்கும் நடுவே கையோ காலோ வைத்துத் தடுக்கவே கூடாது. பத்து டன் இரும்பு மெதுவாக வந்தாலும் எலும்பு தாங்காது. மோதினால் மோதட்டும், அதற்கென்றே கட்டிய படகு. கரைக்குத் தாவாதீர்கள், படகு கரையைத் தொட்ட பிறகு காலை எடுத்து வையுங்கள். இந்த நாலும் பையனுக்கும் அப்பாவுக்கும் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.

சரி, பயணத்துக்கு வருவோம். சர்க் பேங்கில் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே சர்க் தொட்டிப்பாலம் வரும். தொட்டிப்பாலம் என்ற சொல் குமரி மாவட்டத்து மாத்தூரைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். பள்ளத்துக்கு மேலே தூண்களை நிறுத்தி, அதன்மேல் தொட்டி வைத்துத் தண்ணீரைக் கொண்டுபோகும் பாலம். மாத்தூரில் பறளியாற்றைக் கடந்து போவது பாசனத் தண்ணீர். இங்கே அந்தத் தண்ணீரில் படகும் போகிறது. சர்க் பாலம் 1801ல் முடிந்தது, எழுபதடி உயரம், பத்து வளைவுகள். கீழே ஓடும் கெய்ரியாக் ஆறுதான் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் எல்லை. இங்கிலாந்தில் ஏறி வேல்ஸில் இறங்குவீர்கள். ஒட்டியே இன்னும் உயரமாக ரயில் பாலம் நிற்கும். அது நாற்பது வருஷத்துக்கு மேல் பிந்தி வந்தது. பாலம் முடிந்த கையோடு சர்க் சுரங்கம், 459 கஜம். எதிரெதிரே இரண்டு படகு போக முடியாது. வாயில் நின்று உள்ளே பாருங்கள், விளக்கு தெரிந்தால் அவர் வெளியே வரும் வரைக்கும் காத்திருங்கள். தெரியாவிட்டால் உங்கள் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு நுழையுங்கள்.

சுரங்கத்துக்குள் படகு நகரவே மாட்டேன் என்கிறதே என்று தோன்றும். கோளாறு ஒன்றுமில்லை, இந்தக் கால்வாயின் குணமே அதுதான். மற்ற கால்வாய்களில் தண்ணீர் குளம் போல நிற்கும். இங்கே ஓடும். லாங்கோலென் ஊருக்கு மேலே டீ (Dee) என்ற ஆற்றில் குதிரைலாட வடிவத்தில் ஒரு தடுப்பணை இருக்கிறது, 1808ல் தாமஸ் டெல்ஃபோர்ட் கட்டியது. அங்கே பிரியும் தண்ணீர் இந்தக் கால்வாய் வழியாகவே செஷயரில் ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கம் வரைக்கும் போய்க் குடிநீராகிறது. ஒரு நாளைக்கு ஐந்து கோடி லிட்டருக்கு மேல். ஒடுக்கமான இடத்தில், அதாவது சுரங்கத்திலும் பாலத்திலும், அந்த ஓட்டம் அணியத்தைப் பிடித்துத் தள்ளும். சர்க்கிலிருந்து ட்ரெவர் போவது எதிர்நீரோட்டம், திரும்புவது நீரோட்டத்தோடு. அதனால்தான் சர்க் பக்கத்தில் படகு எடுக்கச் சொல்கிறேன். கஷ்டமான பாதி காலையிலேயே முடிந்துவிடும். ட்ரெவரில்தான் படகு கிடைத்தது என்றால் கணக்கு தலைகீழ், திரும்புவதற்குக் கூடுதலாக அரை மணி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஓட்டம்தான் கால்வாயைக் காப்பாற்றியது என்று தெரிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. சரக்கெல்லாம் ரயிலுக்கும் லாரிக்கும் போய், 1944ல் நாடாளுமன்றச் சட்டம் போட்டே இந்தக் கால்வாயைப் போக்குவரத்துக்கு மூடிவிட்டார்கள். அடுத்த வருஷம் லாங்கோலென் அருகே கரை உடைந்து பக்கத்து ரயில் பாதையையே தண்ணீர் அடித்துக்கொண்டு போனது, அந்தப் பள்ளத்தில் ஒரு ரயில் விழுந்தது. இதற்குப் பிறகு யார் சீர்செய்வார்கள்? ஆனால் செய்தார்கள், ஏனென்றால் கீழே உள்ள ஊர்களுக்குத் தண்ணீர் போக வேண்டும். தண்ணீருக்காகக் கரையைக் காத்தார்கள், கரை இருந்ததால் படகுகள் திரும்பி வந்தன. நம் பக்கிங்காம் கால்வாயை நினைக்காமல் என்னால் இந்த இடத்தைத் தாண்ட முடிந்ததில்லை. பஞ்ச காலத்தில், 1877லும் 78லும், பசித்த மக்கள் கூலிக்கு வெட்டித்தான் அடையாறையும் கூவத்தையும் சேர்த்தார்கள். விறகும் உப்பும் அதில் சென்னைக்கு வந்தன. சரக்கு நின்றபின் அதன் தண்ணீர் யாருக்கும் வேண்டியதாக இல்லை. சென்னைக்குள் அது சாக்கடையாகிக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே வந்து பார்க்கும்போது மனசு கொஞ்சம் கனக்கத்தான் செய்யும்.

சர்க் தாண்டினால் இன்னொரு சிறிய சுரங்கம், வைட்ஹவுஸ். அதன் பிறகு மரங்கள் விலகிப் பள்ளத்தாக்கு திறக்கும் இடம் ஃப்ரோன்கெசில்ட்டே. அங்கே படகைக் கட்டிவிட்டுச் சாப்பிடுங்கள். பாலத்தைத் தாண்டி ட்ரெவரில் சாப்பிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அங்கே கூட்டம் அதிகம், இடம் கிடைப்பது கஷ்டம். எலுமிச்சை சாதம், தயிர் சாதம், ஊறுகாய் கட்டிக்கொண்டு போங்கள். படகில் சமைக்க நினைக்காதீர்கள். கட்டும்போது இரண்டு முனையிலும் கயிறு, கரையில் வளையம் இல்லாவிட்டால் இரும்பு முளையைச் சுத்தியலால் அடித்து அதில் கட்ட வேண்டும். நடைபாதைக்குக் குறுக்கே கயிறு கிடக்கக் கூடாது, சைக்கிள்காரர்கள் வருவார்கள்.

பாண்ட்கெசில்ட்டே பெயரை வேல்ஸ்காரர்கள் சொல்வது வேறு மாதிரி. அவர்கள் எழுத்தில் இரட்டை எல் வரும் இடத்தில் 'ல' சொல்ல நாக்கை வைத்துக்கொண்டு குரல் இல்லாமல் காற்றை மட்டும் ஊத வேண்டும். லாங்கோலெனுக்கும் அதேதான். பையனுக்குச் சொல்லிக்கொடுங்கள், நாள் முழுக்க முயற்சி செய்துகொண்டிருப்பான்.

பாலத்தின் நீளம் 1,007 அடி. உயரம் 126 அடி, நம் மாத்தூரைவிடப் பதினோரு அடி அதிகம். பதினெட்டுத் தூண்கள். வேலை 1795ல் ஆரம்பித்து 1805 நவம்பர் 26ல் திறந்தார்கள். டெல்ஃபோர்ட்டும் வில்லியம் ஜெசப்பும் பொறியாளர்கள். அதற்கு முன்னெல்லாம் தொட்டிப்பாலம் என்றால் கல்லால் கட்டி, களிமண்ணை மிதித்துப் பூசித் தண்ணீர் கசியாமல் செய்வார்கள். அந்தப் பாரத்துக்குத் தூண்கள் யானைக்கால் போலப் பருத்திருக்க வேண்டும். இவ்வளவு உயரத்தில் அது நடக்காது. இவர்கள் வார்ப்பிரும்புத் தகடுகளைத் திருகாணி போட்டு இணைத்துத் தொட்டியாகவே செய்துவிட்டார்கள். பாரம் குறைந்தது, தூண்கள் ஒல்லியாயின, மேல்பாதியை உள்ளே கூடாகவும் விட்டார்கள். தகடுகள் சேரும் இடத்தில் வேல்ஸ் கம்பளித் துணியை ஈயக் கலவையில் தோய்த்து அடைத்தார்கள். சுண்ணாம்புச் சாந்தில் மாட்டு ரத்தம் கலந்தார்கள். கருப்பட்டியும் கடுக்காயும் சேர்த்துச் சாந்து குழைத்த ஊர்க்காரர்கள் நாம், நமக்கு இது விநோதமாகத் தோன்றாது. 2009ல் இந்தப் பாலத்தோடு பதினொரு மைல் கால்வாயையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. நீங்கள் ஓட்டப்போகும் பாதை முழுக்க அதற்குள்தான்.

சாப்பிட்ட பிறகு, படகை எடுக்கும் முன்பு, அப்பாவும் பையனும் நீங்களும் பாலத்தின் நடைபாதையில் பாதி தூரம் நடந்துவிட்டு வாருங்கள். அந்தப் பக்கம் கைப்பிடிக் கம்பி உண்டு. எதிர்ப்பக்கத்தைக் கவனியுங்கள். அங்கே கம்பி கிடையாது. தொட்டியின் இரும்பு விளிம்பு தண்ணீருக்கு மேல் அரையடிதான் தெரியும், அதற்கப்புறம் வெறும் காற்று. முதலில் நடந்து பார்த்தவர்களுக்குப் படகில் வரும்போது அதிர்ச்சி இருக்காது. உயரம் பயம் உள்ளவர்கள் உள்ளே உட்கார்ந்துகொள்ளட்டும், பத்து நிமிஷத்தில் தாண்டிவிடும். பையன் கண்டிப்பாக உள்ளேயோ, பெரியவர் ஒருவர் பிடியிலோ இருக்க வேண்டும்.

எதிரில் படகு இல்லை என்று உறுதி செய்துகொண்டு நுழையுங்கள். இங்கேயும் ஒரு படகுக்குத்தான் வழி. உள்ளே போனதும் டில்லருக்கு வேலையே இல்லை. தொட்டி தானாகவே படகை வழிநடத்தும், இரண்டு பக்கமும் லேசாக உரசிக்கொண்டு போகும், அந்த இரும்புச் சத்தத்துக்குப் பயப்படாதீர்கள். நடைபாதை இல்லாத பக்கம் பாருங்கள். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து விளிம்பு தெரியாது, படகின் ஓரம் முடிகிற இடத்தில் மரங்களின் உச்சி ஆரம்பிக்கும். மரங்களுக்குக் கீழே டீ ஆறு பாறைகளில் வெள்ளையாக ஓடும். ஆற்றோரப் புல்வெளியில் ஆடுகள் சிதறிய பொரி மாதிரி கிடக்கும். காற்றடித்தால் தொட்டித் தண்ணீர் விளிம்பைத் தாண்டித் தெறித்து விழும், நூற்றிருபதடிக்கு அது ஆற்றைத் தொடுவதற்குள் காற்றிலேயே கலைந்துவிடும். எத்தனையோ முறை போய்விட்டேன். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் படகில் பேச்சு நின்றுவிடுகிறது.

போன வருஷம் நான் என் அம்மாவை அழைத்துப் போனபோது நடுப்பாலத்தில் கேட்டார்: "இவ்வளவு கனத்தை ஏத்தினா பாலம் தாங்குமாடா?" உங்கள் அம்மாவும் கேட்பார், அதனால் பதிலையும் சொல்லிவிடுகிறேன். மிதக்கிற படகு தன் எடைக்குச் சமமான தண்ணீரை ஒதுக்கித்தான் மிதக்கிறது. பத்து டன் படகு ஏறினால் பத்து டன் தண்ணீர் அந்த இடத்தைவிட்டு விலகி, கால்வாயின் இரண்டு பக்கமும் போய்விடும். ஆக, பாலத்தின் மேல் படகு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாரம் ஒன்றேதான். இதைச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப சரி" என்று சொல்லி அணியத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

பாலம் முடிந்ததும் கால்வாய் நேராகப் போய் ட்ரெவரில் முட்டிக்கொண்டு நிற்கும். லாங்கோலென் போகும் பாதை சட்டென்று இடது பக்கம் வெட்டித் திரும்பும். முதலில் போட்ட திட்டப்படி நேரே வடக்கே செஸ்டர் வரைக்கும் வெட்டியிருக்க வேண்டும். அது நடக்கவே இல்லை. நீங்கள் இடது பக்கம் திரும்ப வேண்டாம். லாங்கோலென் இன்னும் நாலு மைல், கடைசிப் பகுதி மிகவும் ஒடுக்கம், ஆள் ஒருவர் முன்னால் நடந்து போய் எதிரில் படகு வருகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வயதானவர்களோடு ஒரு நாளில் அது ஆகாது. ட்ரெவரிலேயே படகைத் திருப்புங்கள். அணியத்தை மூலையில் மெதுவாக அண்டக்கொடுத்து, டில்லரை முழுக்க ஒரு பக்கம் தள்ளிப்பிடித்து, கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால் என்று பொறுமையாகச் செய்தால் திரும்பிவிடும். வேடிக்கை பார்க்க ஆட்கள் நிற்பார்கள். எல்லோரும் ஒரு காலத்தில் முதல் தடவை திருப்பியவர்கள்தான்.

இன்னும் சில்லறை விஷயங்கள். ஓட்டுகிறவர் நிற்பது வெட்டவெளியில், ஜூலையானாலும் மழைக்கோட்டு வேண்டும். வழுக்காத ஷூ போட்டுக்கொள்ளுங்கள், செருப்பு வேண்டாம். அப்பா வேட்டி கட்டுகிறவராக இருந்தால் அன்று மட்டும் பேண்ட் போடச் சொல்லுங்கள். கயிறும் படியும் நிறைந்த இடம், கால் தடுக்கும். ஜூலையில் சனி ஞாயிறு படகுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். வார நாளாகப் பாருங்கள், பாலத்திலும் சுரங்கத்திலும் காத்திருக்கும் நேரம் பாதியாகிவிடும். எத்தனை மணிக்குத் திரும்ப ஒப்படைக்க வேண்டும் என்பதைக் காலையிலேயே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது நீரோட்டம் உங்கள் பக்கம், எஞ்சினைத் தணித்தாலே படகு போகும். ஃப்ரோன்கெசில்ட்டே தாண்டியதும் டில்லரை அப்பாவிடம் கொடுங்கள். வேண்டாம் என்பார். பக்கத்திலேயே நின்று, "கொஞ்சமாத் தள்ளுங்க, காத்திருங்க" என்று மட்டும் சொல்லுங்கள். வைட்ஹவுஸ் சுரங்கம் வரும் முன்பு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.